புட்டியில் போன மூச்சு

உட்காருங்க ஐயா. அந்தக் கல்லில் வேண்டாம், செதில் ஒட்டும். மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போடுகிறேன், இதில் உட்காருங்க. கல்வி ஆபீசிலிருந்து விசாரணைக்கு ஆள் வரும் என்று தலையாரி நேற்றே சொல்லிவிட்டுப் போனார். இப்படி விடிந்தும் விடியாமலும் வருவீர்கள் என்று நினைக்கவில்லை. வந்ததும் நல்லதுதான். வெயில் ஏறினால் நான் சந்தைக்குப் போய்விடுவேன். பஞ்சவர்ணம் ஓடி ஒளிந்துகொண்டாள் என்று அதற்கும் ஒரு மனு எழுதுவார்கள்.

முதலில் ஒன்று சொல்லுங்க. மனு யார் எழுதியது? அந்த டீச்சர்களா? இல்லையா? அவர்களில் ஒருத்தர்கூட எழுதவில்லையா? அப்படியென்றால் மச்சக்காளைதான். பேர் போடாமல் எழுதியிருப்பானே. அவனுக்குக் கையெழுத்துப் போடுகிற தைரியம் என்றைக்கு இருந்தது?

சரி, கேட்டுக்கொள்ளுங்க. வேன் சாவியை எடுத்தேன். இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு வேன் நிறைய வாத்தியார்களையும் டீச்சர்களையும் இந்தக் கரையை விட்டு நகர விடவில்லை. அதுவும் உண்மை. ஏன் விடவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை, அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்க. என் கண்மாய் மூச்சைப் புட்டியில் அடைத்துக்கொண்டு போனார்கள் ஐயா. பட்டப்பகலில், என் கண் முன்னால், என்னிடமே அனுமதி வாங்கிக்கொண்டு.

சிரிக்காதீங்க.

இந்த நாரைக்குடிக் கண்மாயில் மீன்பாசிக் குத்தகையை ஒரு பொம்பளை எடுத்தது இதுதான் முதல் தடவை. ஏலத்தன்று இந்த ஊர் ஆம்பளைகள் எல்லாரும் ஆலமரத்தடியில் நின்றார்கள். மச்சக்காளை மல்லுவேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தான். அவன் அப்பன் காலத்திலிருந்து கண்மாய் அவர்கள் கையில்தான். நான் தலையில் கூடை சுமந்து தெருத் தெருவாக மீன் விற்றவள். ஒரு கெண்டைக்கு எத்தனை வாசலில் எத்தனை பேச்சு வாங்கியிருப்பேன் தெரியுமா? அந்தப் பேச்சு எல்லாம் எனக்குப் பாடம். எதிராளி கண்ணைப் பார்த்தே அவன் எங்கே நிற்பான் என்று சொல்லிவிடுவேன். மச்சக்காளை எங்கே நின்றானோ அதற்கு ஒரு படி மேலே கேட்டேன். கொடுத்துவிட்டார்கள். அன்றையிலிருந்து அவன் ஒரே ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறான். என் மீன் மிதக்கிற நாள். இந்தப் பருவம் மீன் போனால் அடுத்த ஏலத்தில் நான் நிற்க முடியாது. நின்றாலும் எவனும் என் வார்த்தையை மதிக்கமாட்டான். பங்குனியில்தான் வலை இழுக்கப் போகிறோம். அதுவரைக்கும் ஒரு குஞ்சு சாகக்கூடாது. என் கதை அவ்வளவுதான். மற்றதெல்லாம் நடுவில் வந்தது.

தண்ணீரைப் பாருங்க, என்ன பச்சை. பக்கத்துக் கண்மாய்களைப் போய்ப் பாருங்க, சேற்றுத் தண்ணீராக, சோகை பிடித்த மாதிரி இருக்கும். இந்தப் பச்சை சும்மா வரவில்லை. கோழிப்பண்ணையில் சொல்லிவைத்து டிராக்டரில் எரு கொண்டுவந்து கொட்டுகிறேன். எரு விழ விழத் தண்ணீர் பச்சை பிடிக்கும். பச்சை பிடிக்கப் பிடிக்க மீன் கொழுக்கும். கட்லா ஒன்றைத் தூக்கிக் காட்டினால் மச்சக்காளைக்கு இரண்டு நாள் சோறு இறங்காது.

மாசி பிறந்து கொஞ்ச நாளில்தான் அவர்கள் வந்தார்கள். கொழுந்து சார் என்று ஒருத்தர். முழுப்பேர் திருமலைக்கொழுந்து, தென்காசிப் பக்கத்து ஆள், ஒல்லியாகக் கழி மாதிரி இருப்பார். அவர்தான் மற்ற வாத்தியார்களுக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர்களை வெளியே கூட்டிவந்து கையால் செய்ய வைத்துச் சொல்லிக்கொடுப்பாராம். புத்தகத்தில் குளம் என்று படம் வரைந்து காட்டினால் போதாதாம், குளத்துக்குள் இறங்க வேண்டுமாம். ஒரு நாள் மத்தியானமும் மறுநாள் விடியற்காலையும் கரையில் இருக்க அனுமதி வேண்டும் என்றார்.

ஐயா, வாத்தியார் என்றாலே எனக்கு ஆகாது. ஏன் என்று கேட்காதீங்க. இரண்டாம் வகுப்பில் என் பாவாடையில் மீன் வாடை என்று ஒரு டீச்சர் என்னை வாசல் பக்கம் உட்காரச் சொன்னார். கொஞ்ச நாளில் வாசலுக்கு வெளியே. வெளியே உட்கார்ந்தவள் எழுந்து வீட்டுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? சரி, அது எதற்கு இப்போது. அதை எழுத வேண்டாம்.

இருந்தாலும் அனுமதி கொடுத்தேன். சும்மா கொடுக்கவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டுக்கும் மீன் என்னிடம்தான் எடுக்க வேண்டும், சமையலும் என் ஆள்தான் என்றேன். அவர் வெறும் அனுமதியாகக் கொடுங்கள் என்றார். வலையாள் ஆண்டிச்சாமிக்கும் சேர்த்துச் சாப்பாடு என்று ஏற்றினேன். அவர் வாயைத் திறக்கத் திறக்க நான் ஏற்றிக்கொண்டே போனேன். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பேரம் பேசத் தெரியாத மனுஷன், பார்க்கப் பாவமாக இருந்தது.

முதல் நாள் ஒரே வேடிக்கை. வயசுக்கு வந்த மனுஷர்கள், தலை நரைத்தவர்கள், டீ வடிகட்டியைக் கம்பில் கட்டிக்கொண்டு ஓரத்துப் பாசியில் பூச்சி பிடிக்கிறார்கள். பிடித்த பூச்சியை வெள்ளைத் தட்டில் போட்டுச் சுற்றி உட்கார்ந்து பேர் கேட்கிறார்கள். ஒரு சார் பேன்ட்டில் மடிப்புக் கலையாமல் கரையிலேயே நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்கள் கிண்டலடித்தார்கள். ரெஜினா டீச்சர் என்று ஒரு அம்மா, நடுவயசு, கட்டையான உடம்பு, அந்தம்மாதான் முதலில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கியது. கால் சேற்றில் புதைந்ததும் ஒரு சிரிப்புச் சிரித்தது பாருங்க, எதிர்க்கரை வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் புட்டி வந்தது.

சின்னக் கண்ணாடிப் புட்டி ஐயா. அதைத் தண்ணீருக்குள்ளேயே முக்கி, தண்ணீருக்குள்ளேயே மூடுகிறார்கள். வெளிக்காற்று ஒரு குமிழிகூட உள்ளே போகக்கூடாதாம். அவ்வளவு பத்திரம். நான் பக்கத்தில் போய் எதைப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தண்ணிக்குள்ள கரைஞ்சிருக்க காத்தைப் பிடிக்கோம்மா. மீனுக்கு அதுதான் மூச்சு" என்றார் கொழுந்து சார்.

அவர் வாயாலேயே சொன்னார். நான் இட்டுக்கட்டவில்லை. ஆண்டிச்சாமியும் பக்கத்தில் நின்றான், கேட்டுப் பாருங்க.

புட்டிக்குள் ஏதோ மருந்து சொட்டுவிட்டார்கள். தண்ணீர் காபித்தண்ணி நிறத்தில் கலங்கிக் கீழே படிந்தது. டீச்சர்கள் எல்லாம் கை தட்டினார்கள். நல்லதா கெட்டதா என்று கேட்டேன். இப்போது நல்லது என்றார் சார். வெயிலடிக்கிற மத்தியானத்தில் எல்லாக் கண்மாயும் நன்றாகத்தான் இருக்கும், விடியும்போது பார்த்தால்தான் தெரியும் என்றார். இந்தப் பச்சை இருக்கிறதே, அது பகலில் மூச்சைக் கொடுக்குமாம், இருட்டினால் தானே இழுத்துக்கொள்ளுமாம். காலையில் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் கழுத்தில் துண்டைப் போட்டுப் பிடுங்குவதற்குப் பச்சை என்ன கந்துவட்டிக்காரனா என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. பச்சை எவ்வளவு அடர்த்தி என்று பார்க்கக் கறுப்பும் வெள்ளையும் அடித்த ஒரு தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கினார். ஒரு சாண் இறங்குவதற்குள் தட்டு கண்ணுக்கு மறைந்துவிட்டது. உச்சுக் கொட்டினார்.

ரெஜினா டீச்சர் மெதுவாக என் பக்கத்தில் வந்து, கண்மாய்க்கு என்னக்கா போடுறீங்க என்று கேட்டது. பெருமையாகச் சொன்னேன். சொன்னதும் அந்தம்மா சாரைப் பார்த்தது, சார் அந்தம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும் ஐயா. மீன் வாங்க வருகிற புருஷன் பெண்டாட்டி செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பார்கள். விலையைக் குறைக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். எருவை நிறுத்துங்கள் என்றார்கள். மீனை வளர்க்கிறது நீங்களா நானா என்றேன். பேச்சு அத்தோடு முடிந்தது. புட்டிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனார்கள். ஒரு புட்டி, இரண்டு புட்டி இல்லை, பெட்டி நிறைய.

அன்றைக்குச் சாயங்காலமே மூட்டம் போட்டது. மாசியில் அப்படி மூட்டம் போட்டு நான் பார்த்ததில்லை. காற்று நின்றுவிட்டது. கண்மாய் எண்ணெய் ஊற்றின மாதிரி அசையாமல் கிடந்தது.

மறுநாள் வெளுக்கிற நேரத்தில் ஆண்டிச்சாமி வந்து கதவைத் தட்டினான். "மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குதுக்கா" என்றான். முடியை முடியக்கூட நேரமில்லை, ஓடிவந்தேன்.

ஐயா, நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். கண்மாய் முழுக்க வாய். பெரிய கட்லா எல்லாம் தலையைத் தூக்கி, மேல்தண்ணீரை விட்டு, காற்றைக் கவ்விக் கவ்விப் பார்க்கிறது. ரோகு அதற்குப் பின்னால். ஆயிரம் வாய் ஒரே நேரத்தில் திறந்து மூடினால் ஒரு சத்தம் வரும், குழந்தை பால் குடிக்கிற மாதிரி, சப்பு சப்பென்று. கையை நீட்டினால் விலகி ஓடவில்லை. ஓரத்தில் நாலைந்து ஏற்கெனவே மல்லாந்துவிட்டன. ஒன்றை எடுத்து நிமிர்த்தி விட்டேன், மறுபடியும் மல்லாந்தது. என் வீட்டுக்காரர் போனபோதுகூட நான் அப்படிப் பதறவில்லை.

சரியாக அப்போது வேன் வருகிறது.

சிரித்துப் பேசிக்கொண்டு இறங்குகிறார்கள், கையில் அதே பெட்டி. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நேற்று மூச்சை எடுத்துப் போனார்கள், இன்றைக்கு மீன் மூச்சுக்குத் தவிக்கிறது, மிச்சம் இருந்தால் அதையும் எடுக்க வந்துவிட்டார்கள். டிரைவர் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். நேராகப் போய்ச் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகினேன். என் மீன் பிழைக்கிற வரைக்கும் இந்தக் கரையை விட்டு ஒரு கால் நகரக்கூடாது என்றேன். ஊர்ச் சனம் கூடிவிட்டது. மடிப்புக் கலையாத சார் போனை எடுத்தார், போலீசைக் கூப்பிடுவேன் என்றார்.

"கூப்பிடுங்க சார். போலீஸ் வர்ற வரைக்கும் என் மீன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்காது."

ரெஜினா டீச்சர் அவர் கையை அமுக்கிப் போனை இறக்கியது. கொழுந்து சார் என்னைப் பார்க்கவே இல்லை, தண்ணீரைத்தான் பார்த்தார். பெட்டியைத் திறந்து ஒரு புட்டியை முக்கினார். நான் கத்தினேன், மறுபடியுமா என்று. கேட்கவில்லை. மருந்தைச் சொட்டினார். நேற்று காபித்தண்ணியாக இருந்தது இன்றைக்கு வெள்ளை வெளேரென்று மோர் மாதிரி கலங்கியது.

வெள்ளையைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. அழுக்கெல்லாம் போய்ச் சுத்தமாகிவிட்டது போல என்று நினைத்தேன். கரையில் நின்ற டீச்சர்கள் முகத்தைப் பார்த்தேன். ஒருத்தர் முகத்திலும் ரத்தம் இல்லை.

வெள்ளை என்றால் மூச்சு இல்லை என்று அர்த்தமாம். சுத்தமாக ஒன்றுமே இல்லையாம்.

மடைப் பக்கம் போய் மேல்தண்ணீரில் இன்னொரு புட்டி எடுத்தார். அதில் லேசாக நிறம் பிடித்தது. வேறு ஏதேதோ ஊற்றி அது நீலமாக ஆனது. அந்த நீலம் போகிற வரைக்கும் ஒரு குழாயால் சொட்டுச் சொட்டாக விட வேண்டுமாம், எத்தனை சொட்டோ அவ்வளவு மூச்சாம். ஒரு சொட்டு விட்டார். புட்டியை ஆட்டினார். நீலம் போய்விட்டது. நிறுத்திவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. இத்தனை பெரிய கண்மாய்க்கு ஒரே ஒரு சொட்டா? இன்னும் விடுங்க என்றேன்.

"யம்மா, நீலம் போயிட்டு. இனி எத்தனை விட்டாலும் கணக்குல சேராது."

"நாலு சொட்டு விடுங்க சார். மனசு வைங்க."

"நான் மனசு வச்சா ஏறுத சங்கதி இல்லம்மா இது."

மூன்று சொட்டாவது விடுங்க என்றேன். இரண்டு சொட்டாவது விடுங்க என்றேன். வாழ்நாளில் நான் இறங்கிப் பேசினது அன்றைக்குத்தான். அந்த மனுஷன் அசையவில்லை. அனுமதி கேட்க வந்த அன்று எதைச் சொன்னாலும் கும்பிட்டவர், ஒரு சொட்டுக்கு அப்படி நின்றார். இத்தனை வருஷத்தில் என்னிடம் இறங்காத ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இந்த நேரம் பார்த்து டிராக்டர் வந்தது. முந்தின வாரமே சொல்லிவைத்த எரு, ஒரு டிப்பர் முழுக்க. எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? மீன் துவண்டு கிடக்கிறது, தெம்பு இல்லை, எருவைக் கொட்டினால் தின்று தெம்பு பிடிக்கும். பின்னால் எடுத்துக் கொட்டுடா என்றேன். டிராக்டர் பின்பக்கமாக நகர்ந்தது. ரெஜினா டீச்சர் ஓடிப்போய் டிப்பருக்கும் தண்ணீருக்கும் நடுவில் நின்றுகொண்டது.

சனம் ஓவென்றது. டிராக்டர்க்காரன் பிரேக்கை அமுக்கிவிட்டு என்னைப் பார்க்கிறான். விலகுங்க டீச்சர் என்றேன். விலகவில்லை. எரு அழுகுகிறபோது மிச்சமிருக்கிற மூச்சையும் அதுதான் தின்னும் என்றது. கோபப்படாமல் சொன்னது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பேசிப் பார்த்தேன். பாதி டிப்பர் என்றேன். தலையை ஆட்டியது. கால் டிப்பர் என்றேன்.

"ஒரு கூடைகூட வேண்டாங்க்கா. கொட்டணும்னா என் மேல கொட்டுங்க."

கொட்டியிருப்பேன் ஐயா. பொய் சொல்லமாட்டேன். கையைத் தூக்கிவிட்டேன், சைகை காட்ட. அதற்குள் மொபட் சத்தம் கேட்டது. மச்சக்காளை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முகத்தில் கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி ஒரு களை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "கொட்டு பஞ்சவர்ணம், கொட்டு. பள்ளிக்கூடத்துக்காரிக்குப் பயந்துக்கிட்டா நிப்பே? எரு விழுந்தா மீன் குதிச்சு எந்திரிக்கும்" என்றான்.

தூக்கின கை அப்படியே நின்றது. அவன் எனக்கு நல்லது சொன்னதாக ஒரு நாள் உண்டா? அவன் கொட்டச் சொன்னால் கொட்டக்கூடாது. அது எனக்குப் புட்டி வைத்துப் பார்க்காமலே தெரியும். வண்டியை முன்னால் எடு என்று டிராக்டர்க்காரனிடம் சொன்னேன். கரை மேலேயே எருவை இறக்கச் சொன்னேன். டீச்சர் ஏதோ தான் ஜெயித்துவிட்ட மாதிரி கண் கலங்கியது. நான் விளக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் நீங்கள் எழுத வேண்டியது. கொழுந்து சார் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினார். வெளிக்காற்றைத் தண்ணீருக்குள் அடித்து ஏற்ற வேண்டும், கலக்குங்க, அடிங்க, வாரி இறையுங்க என்றார். வயலுக்கு இறைக்கிற ஆயில் இன்ஜின் இருந்தது. அதைக் கரைக்கு இழுத்து, கண்மாய்த் தண்ணீரையே உறிஞ்சி, ஒரு பனம்பலகையில் பட்டுச் சிதறுகிற மாதிரி மறுபடியும் கண்மாய்க்குள்ளேயே விட்டோம். பார்க்கிறவனுக்குப் பைத்தியக்காரத்தனம். டீச்சர்கள் வேப்பங்கிளையை ஒடித்துக்கொண்டு இறங்கினார்கள். சாப்பாட்டுத் தட்டு, அன்னக்கூடை, அந்தப் பூச்சி பார்த்த வெள்ளைத் தட்டு, எது கிடைத்ததோ அதை எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்று அடித்தார்கள். மடிப்புக் கலையாத சாரும் இறங்கினார். யாரோ ஒரு டீச்சர், சார் இப்பத்தான் உங்களுக்கு ட்ரெயினிங் ஆரம்பிச்சிருக்கு என்றது. அவர் வாய்க்குள் தண்ணீர் போய் இருமினார், ஆனால் கையை நிறுத்தவில்லை. ஊர்ப் பெண்கள் இறங்கினார்கள். ஆம்பளைகளில் பாதிப்பேர் இறங்கினார்கள். மச்சக்காளை கரையில் நின்றான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்காததால் கொஞ்ச நேரத்தில் மொபட்டை உதைத்துக்கொண்டு போனான்.

நானும் இறங்கினேன். சாவி இடுப்பில் குத்திக்கொண்டே இருந்தது. என் பக்கத்தில் ரெஜினா டீச்சர். அந்தம்மாவின் சேலையெல்லாம் சேறு, செத்த மீன் ஒன்று முந்தானையில் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துப் போடுங்க டீச்சர், வாடை சேலையை விட்டுப் போகாது என்றேன். போகாட்டிப் போகுது, அடிங்க என்றது. நான் கொஞ்ச நேரம் அடிக்க மறந்து அந்தம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏனென்று தெரியவில்லை. அதையும் எழுத வேண்டாம்.

உச்சிக்கு முன்னால் மூட்டம் கிழிந்தது. வெயில் சுள்ளென்று விழுந்தது. ஒவ்வொரு வாயாக மூடியது. கொஞ்சம் கொஞ்சமாக மீன் கீழே இறங்கியது. பெரிய கட்லா கணிசமாகப் போய்விட்டது ஐயா, கரையில் குவியலாகக் குவித்து வைத்தோம். ஆனால் கண்மாய் தப்பிவிட்டது. சார் கடைசியாக ஒரு புட்டி எடுத்தார், வெளிறின காபித்தண்ணி நிறம் வந்தது. அதற்கப்புறம்தான் சாவியைக் கொடுத்தேன்.

இப்போது நீங்களே நியாயம் சொல்லுங்க. அந்தச் சாவியை நான் பிடுங்கியிருக்காவிட்டால் அவர்கள் அரைமணி நேரத்தில் புட்டியை நிரப்பிக்கொண்டு போயிருப்பார்கள். மீன் செத்திருக்கும். மீனைக் காப்பாற்றியது யார்? நான். எடுத்துப் போனவர்களையே பிடித்து நிறுத்தி, எடுத்ததைத் திருப்பி ஊத வைத்தேன். எந்தச் சட்டத்தில் இது குற்றம்?

போகும்போது ரெஜினா டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டது. "எரு மட்டும் போடாதீங்க்கா. மூட்டம் போட்டா விடியறதுக்கு முன்னாடியே இன்ஜினை ஓட்டுங்க" என்றது. சரி என்றேன். சரி என்று சொன்னால் கையை விடுவார்கள் அல்லவா.

எருவா? எந்த எரு? ஓ, கரையில் இறக்கினதா. டிராக்டர்க்காரன் திரும்ப ஏற்றிக்கொண்டு போகமாட்டேன் என்றுவிட்டான். கிடந்து நாறியது. மீனும் பாவம், பயந்து மெலிந்து கிடந்தது. பங்குனிக்குள் தேற வேண்டாமா? புட்டிக்காரர்கள்தான் போய்விட்டார்களே, இனி மூச்சை யார் எடுக்கப் போகிறார்கள் என்று முந்தாநாளும் நேற்றும் தள்ளிவிட்டோம். டிப்பரோடு கொட்டவில்லை ஐயா. டீச்சர் பேச்சுக்கும் ஒரு மரியாதை கொடுத்து, கூடை கூடையாகத்தான் கொட்டினோம்.

அதனால் நீங்கள் இப்படி எழுதுங்க. பஞ்சவர்ணத்தின் மேல் தப்பு இல்லை. அடுத்த பயிற்சிக்கு வருகிறவர்கள் புட்டி இல்லாமல் வர வேண்டும். பூச்சி பிடிக்கட்டும், எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கட்டும். மீன் குழம்பு நான் போடுகிறேன். வேறென்ன வேண்டும்? கையெழுத்து எங்கே, இங்கேயா?

என்ன ஐயா, நான் சொல்லச் சொல்ல எங்கேயோ பார்க்கிறீர்கள்? மூட்டமா? ஆமாம், நேற்று மத்தியானத்திலிருந்தே இப்படித்தான். மழை வரும் போலத் தெரிகிறது, வராது. எங்கே? மடைப் பக்கமா? அது காற்றுக்குத் தண்ணீர் நெளிகிறது.

காற்று இல்லையே.

சும்மா இருங்க கொஞ்சம். பேசாதீங்க. சத்தம் கேட்கிறதா? சப்பு சப்பென்று.

ஆண்டிச்சாமி. ஏ ஆண்டிச்சாமி, எங்கடா போனே? இன்ஜினை இழு. பலகையைக் கொண்டா. ஊருக்குள்ள சத்தம் கொடு.

ஐயா, நீங்கள் வந்ததிலிருந்து இங்கேயேதான் இருக்கிறீர்கள். கீழே இறங்கவில்லை. கையில் புட்டி எதுவும் இல்லை. எடுக்கவில்லைதானே? இல்லை, எனக்கே தெரியும், எடுக்கவில்லை. நேற்றும் புட்டியோடு யாரும் வரவில்லை. நான்தான் கரையிலேயே இருந்தேன். யாருமே வரவில்லையே ஐயா.

எழுந்திருங்க. எழுதினது போதும். அந்தக் காகிதத்தைப் பெட்டிக்கு அடியில் வையுங்க, பறக்காது. செருப்பைக் கழற்றுங்க. பேன்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டுங்க. சேறுதான், ஒன்றும் செய்யாது, என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்குங்க. இந்தக் கிளையைப் பிடியுங்க. தடவாதீங்க, அடிங்க. தண்ணீர் மேலே எழும்புகிற மாதிரி அடிங்க ஐயா. அடிங்க.